வெட்டவும் உலர்த்தவும் ஏற்ற, வறட்சி தாங்கும் அலங்காரப் பூக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைந்த நீரில் வளர்ந்து, புதிதாகச் சாடியில் வைக்கவும் உலர்த்திப் பல மாதங்கள் பாதுகாக்கவும் பயன்படும் பூச்செடிகளை முதன்முறையாக வளர்க்க எண்ணுவோருக்காக இந்தக் கேள்விகளும் விடைகளும் தொகுக்கப்பட்டுள்ளன. உலர்த்தும் அறையில் நேரும் பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம் அந்த அறையில் இல்லை. பூவை எந்த நிலையில் வெட்டினோம், அதற்கு முந்தைய வாரங்களில் செடிக்கு எவ்வளவு நீரும் உரமும் கொடுத்தோம் என்பவற்றில்தான் இருக்கிறது. ஆகவே வெட்டும் பருவத்தைப் பற்றிய விடை மற்றவற்றைவிட நீளமாக அமைந்திருக்கிறது.

வறட்சி தாங்கும் செடி என்றால் அதற்குத் தண்ணீரே வேண்டாமா?

வேண்டும். வறட்சி தாங்கும் தன்மை வேரூன்றிய செடிக்கு உரியது, நாற்றுக்கு உரியதன்று. நட்ட முதல் மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை வேர் ஆழமாக இறங்கியிருக்காது என்பதால், மற்ற எந்தப் பூச்செடிக்கும் கொடுக்கும் கவனத்தையே இவற்றுக்கும் கொடுத்து, மேல்மண் முழுவதும் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நீரை மெல்ல மெல்லக் குறைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வறட்சியில் உயிர் தப்புவதும், வெட்டத் தகுந்த நீளமான தண்டுகளைத் தருவதும் ஒன்றல்ல. மொட்டு வைக்கும் காலத்தில் அறவே நீரின்றி விட்டால் செடி பிழைத்துக்கொள்ளும். ஆனால் தண்டு ஒரு சாண் நீளத்தில் நின்றுவிடும், பூவும் சிறுத்துவிடும்.

எந்தச் செடிகளிலிருந்து தொடங்குவது நல்லது?

முதல் ஆண்டில் நான்கைந்து வகைகளுக்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து. வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஸ்டாடிஸ், ஸ்ட்ராஃப்ளவர் ஆகிய நான்கும் விதையிலிருந்து ஒரே பருவத்தில் பூத்து, கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டாலே உலர்ந்துவிடும் வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் எதை முதலில் தேர்வு செய்வது என்று கேட்டால், தயங்காமல் வாடாமல்லியைச் சொல்வேன். வெப்பம், வறண்ட காற்று, சுமாரான மண் மூன்றையும் அது பொறுத்துக்கொள்ளும். உலர்ந்த பிறகும் நிறம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஊதா நிறம் எல்லோரும் அறிந்தது. வெள்ளை, இளஞ்சிவப்பு, இன்னொரு வாடாமல்லி இனத்தில் செம்மஞ்சள், சிவப்பு ஆகியவையும் கிடைக்கின்றன.

அடுத்த கட்டமாக, பல ஆண்டுகள் வாழும் அக்கில்லியா, நீல உருண்டைகளாகப் பூக்கும் எக்கினாப்ஸ், முள் கழுத்துப்பட்டை போன்ற செதில்களைக் கொண்ட எரிஞ்சியம், லாவெண்டர் ஆகியவற்றைச் சேர்க்கலாம். இவை முதல் ஆண்டில் அதிகம் பூக்காமல் போகலாம். பூவைவிடக் காய்க்காகவே வளர்க்கப்படும் வகைகளும் உண்டு. கருஞ்சீரகத்தின் நெருங்கிய உறவான அலங்கார நைஜெல்லாவின் பலூன் வடிவக் காய்களும், ஸ்கேபியோசா ஸ்டெல்லேட்டாவின் காகித உருண்டைகளும் அத்தகையவை. எண்ணெய் வித்தாக அறியப்பட்ட குசும்பா ஆழமான ஆணிவேரால் வறட்சியைத் தாங்குவதுடன், அதன் செம்மஞ்சள் பூக்கள் அழகாக உலரும். ஆனால் முள்ளில்லாத ரகத்தைத் தேடி வாங்குங்கள், இல்லையெனில் அறுவடை நாளில் கைகள் வருந்தும். கொத்துகளுக்கு இடைநிரப்பாகத் தினைக் கதிர், அலங்காரக் கம்பு, முயல்வால் புல் போன்ற புல்வகைகளும் பயன்படும்.

விதை வாங்கும்போது ஒரு பெயர்க் குழப்பம் எழலாம். ஸ்ட்ராஃப்ளவர் 1803ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டு, நெடுங்காலம் ஹெலிகிரைசம் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. இப்போதைய பேரினப் பெயர் சீரோகிரைசம். விதை உறைகளில் இரண்டு பெயர்களும் காணப்படுகின்றன. செடி ஒன்றேதான்.

சில பூக்கள் மட்டும் உலர்ந்த பிறகும் உருவமும் நிறமும் மாறாமல் இருப்பது எப்படி?

நாம் பூவிதழ் என்று எண்ணிப் பார்ப்பது இவற்றுள் பலவற்றில் பூவிதழே அன்று. ஸ்ட்ராஃப்ளவரின் பளபளப்பான ‘இதழ்கள்’ உண்மையில் பூவடிச் செதில்கள், அதாவது பூவின் அடியில் அமைந்த உருமாறிய இலைகள். உண்மையான பூக்கள் நடுவிலுள்ள மஞ்சள் வட்டில் நெருங்கி அமைந்திருக்கின்றன. ஸ்டாடிஸின் ஊதா, நீலம், இளஞ்சிவப்பு ஆகியவை புல்லிவட்டத்தின் நிறங்கள். அதனுள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சின்னஞ்சிறு வெண்மைதான் உண்மையான அல்லி, அது சில நாள்களில் உதிர்ந்துவிடும். வாடாமல்லியின் உருண்டையும் செதில்களால் ஆனதே. இந்தப் பகுதிகள் செடியில் இருக்கும்போதே மெல்லிய காகிதம் போல நீர் குறைந்தவை. இழப்பதற்கு நீர் அதிகம் இல்லாததால் அவை சுருங்குவதும் குறைவு.

இதை நேரில் காண ஓர் எளிய சோதனை உண்டு. நன்கு உலர்ந்து விரிந்த ஸ்ட்ராஃப்ளவர் ஒன்றை நீரில் நனைத்து வைத்தால், சிறிது நேரத்தில் செதில்கள் மேல்நோக்கி வளைந்து மொட்டு போல மூடிக்கொள்ளும். மீண்டும் காய்ந்ததும் திறந்துவிடும். செதிலின் அடிப்பகுதியிலுள்ள இறந்த செல்கள் ஈரத்தை உறிஞ்சி உப்புவதும் சுருங்குவதுமே இந்த அசைவுக்குக் காரணம். உயிரற்ற இந்த இயக்கத்தை உலர்த்தும் அறையில் பயன்படுத்திக்கொள்ளலாம்: தொங்கும் கொத்துகளில் ஸ்ட்ராஃப்ளவர்கள் மூடத் தொடங்கினால் அறைக் காற்றில் ஈரம் கூடிவிட்டது என்று அறியலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, வாடாமல்லியிலும் கோழிக்கொண்டையிலும் உள்ளவை பீட்டாலைன் வகை நிறமிகள். பீட்ரூட்டின் சிவப்பும் அதே வகையைச் சேர்ந்தது. ரோஜா போன்ற பெரும்பாலான சிவப்புப் பூக்களில் இருப்பது ஆந்தோசயனின். இதழின் உள்ளே அமிலத்தன்மை மாறும்போது ஆந்தோசயனினின் சாயலும் மாறும் என்பதால்தான் உலர்ந்த சிவப்பு ரோஜா கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறிவிடுகிறது.

எங்கள் பகுதியில் வெப்பத்துடன் காற்றில் ஈரமும் மிகுதி. லாவெண்டர் வருமா?

கடினம். லாவெண்டர், எரிஞ்சியம் போன்றவை வறண்ட கோடையைக் கொண்ட நிலங்களில் தோன்றியவை. நீர்க்குறைவைத் தாங்கும், ஆனால் இலைகளுக்கிடையே தேங்கும் ஈரத்தையும் வெப்பமான இரவுகளையும் தாங்குவதில்லை. ‘வறட்சி தாங்கும்’ என்ற ஒரே அடையாளத்தின் கீழ் இரண்டு வேறுபட்ட குழுக்கள் சேர்க்கப்பட்டுவிடுவதே இந்த ஏமாற்றத்துக்குக் காரணம். வெப்பமண்டலத்தைச் சேர்ந்த வாடாமல்லி, கோழிக்கொண்டை, தண்டுக்கீரையின் இனமான அமராந்தஸ் ஆகியவை சூடும் ஈரமும் கலந்த காற்றிலும் செழிக்கும். வாடாமல்லியும் அமராந்தஸும் மக்காச்சோளத்தைப் போல நான்கு கார்பன் வழியில் ஒளிச்சேர்க்கை செய்பவை. இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே தேவையான கரியமில வாயுவைப் பெறுவதால், கடும் வெயிலிலும் நீரைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. உங்கள் சூழலுக்கு அவையே பொருத்தம்.

எத்தகைய மண் வேண்டும்? உரம் எவ்வளவு?

வடிகால் உள்ள எந்த மண்ணும் போதும். களிமண்ணாக இருந்தால் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைப்பது, மணல் கலப்பதைவிடப் பயனுள்ளது. கொஞ்சம் மணலைக் களிமண்ணில் கலந்தால் மண் இன்னும் இறுகிவிடுவதே வழக்கம். கொத்துகளுக்கு இடைநிரப்பாகும் சிறு வெண்பூச் செடியான ஜிப்சோஃபிலா சுண்ணாம்பு கலந்த மண்ணை விரும்பும்.

உரத்தில்தான் பலர் தாராளமாக இருந்துவிடுகிறார்கள். தழைச்சத்து கூடினால் இலை பெருகி, தண்டு நீர்ப்பற்றுடன் மென்மையாக வளரும். அத்தகைய தண்டு உலரும்போது சுருங்கி வளைந்துவிடும், அசுவினியும் எளிதில் பற்றும். நடுவதற்கு முன் நன்கு மட்கிய உரத்தை மெல்லிய அடுக்காக இட்டுக் கிளறிவிட்டால் ஓராண்டுச் செடிகளுக்கு அதுவே பெரும்பாலும் போதும். கோழிக்கொண்டை மட்டும் சற்று ஊட்டம் கூடுதலாகக் கேட்கும். அக்கில்லியாவுக்குச் செழிப்பான மண் கொடுத்தால் அது தரையில் சாயும்.

விதைப்பில் கவனிக்க வேண்டியவை எவை?

ஸ்ட்ராஃப்ளவர் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். விதைக் கலவையின் மேல் தூவி மெல்ல அழுத்தினால் போதும், மண்ணால் மூடக் கூடாது. வாடாமல்லி விதை பஞ்சு போன்ற உறையுடன் இருப்பதால் நீரைச் சீராக உறிஞ்சாது. மெல்லிய அடுக்கு மண்ணால் மூடி, 21 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஈரத்தைச் சீராக வைத்திருந்தால் பத்து முதல் பதினான்கு நாள்களில் முளைக்கும். அதற்குள் பொறுமையிழந்து குழித்தட்டைக் கொட்டிவிட வேண்டாம்.

கோழிக்கொண்டை நாற்றுக்கு வேர் அலைக்கழிக்கப்படுவது பிடிக்காது. குழித்தட்டில் வேர் சுற்றிக்கொள்ளும் வரை விட்டுவைத்தாலோ, குளிர்ந்த மண்ணில் நட்டாலோ, விரற்கடை உயரத்திலேயே சிறு பூ வைத்து வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு உரமிட்டாலும் அந்தச் செடி மீளாது. நைஜெல்லா, குசும்பா, எரிஞ்சியம் போன்ற ஆணிவேர்ச் செடிகளை இயன்றவரை நேரடியாக நிலத்தில் விதைப்பது நல்லது. ஸ்டாடிஸ் நன்றாகப் பூக்க, இளமையில் சில வாரங்களாவது குளிர்ச்சியான காலம் வேண்டும். ஆகவே ஆண்டின் குளிர்ந்த பகுதியில் நாற்று வளரும்படி விதைப்பைத் திட்டமிட வேண்டும். நேரே கடும் கோடையில் விதைத்தால் இலைக்கொத்தாகவே தரையில் படர்ந்து கிடக்கும்.

இடைவெளி, நுனி கிள்ளுதல், தாங்கு வலை ஆகியவை அவசியமா?

பொதுவாக 20 முதல் 30 செ.மீ. இடைவெளி சரியாக இருக்கும். ஒரே தண்டில் பெரிய பூ வேண்டுமென்று கொண்டைவகைக் கோழிக்கொண்டையை வளர்ப்பவர்கள் 15 செ.மீ. வரை நெருக்கி நடலாம். அதன் நுனியைக் கிள்ளக் கூடாது. இறகு வடிவக் கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஸ்ட்ராஃப்ளவர் ஆகியவற்றை 15 முதல் 20 செ.மீ. உயரம் எட்டியதும் நுனி கிள்ளிவிட்டால், பூப்பது சற்றுத் தள்ளிப்போனாலும் அடியிலிருந்து நீளமான கிளைகள் பல வரும். ஸ்டாடிஸில் கிள்ளுவதற்கு நுனி இல்லை. இலைகள் தரையோடு வட்டமாக இருக்க, பூத்தண்டு மட்டுமே நடுவிலிருந்து எழும்.

காற்று வீசும் இடமாக இருந்தால் 15 செ.மீ. கண்ணியுள்ள வலையைப் பாத்தியின் மேல் கிடைமட்டமாகக் கட்டிவிடுவது நல்லது. சாய்ந்த தண்டு ஓரிரு நாள்களில் மேல்நோக்கி நுனியை வளைத்துக்கொள்ளும். அந்த வளைவு உலர்ந்த பிறகும் மாறாது.

வேரூன்றிய பிறகு எப்படி நீர் பாய்ச்சுவது?

அரிதாகவும் ஆழமாகவும் பாய்ச்ச வேண்டும். நாள்தோறும் மேல்மண்ணை மட்டும் நனைத்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். பிறகு இரண்டு நாள் நீர் தவறினாலே செடி தளரும். ஒருமுறை பாய்ச்சினால் 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை நனைய வேண்டும், அடுத்த முறைக்குள் மேலுள்ள ஐந்து செ.மீ. மண் காய்ந்திருக்க வேண்டும். வெட்டுப்பூத் தோட்டங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு வாரத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25 லிட்டர். மிதமான வெயிலில், மூடாக்கு இட்ட பாத்தியில், இந்தச் செடிகளுக்கு அதில் பாதியளவே பெரும்பாலும் போதும்.

நண்பகலில் இலை சற்றுத் தொங்குவதைக் கண்டு பதற்றப்பட வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் செடி நலமாகவே இருக்கிறது. விடியற்காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் நீர் உண்மையில் போதவில்லை என்று பொருள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் பூவும் இலையும் நனையாமல் வேருக்கு மட்டும் நீர் போகும். மேலிருந்து தெளிப்பதால் வரும் கேடு நீர் வீணாவது மட்டுமன்று: ஸ்டாடிஸ், ஸ்ட்ராஃப்ளவர் ஆகியவற்றின் மலர்ந்த பூக்களில் நீர் தங்கினால் சாம்பல் பூஞ்சை பற்றும், செதில்களில் கறையும் விழும். மொட்டுகள் நிறம் காட்டத் தொடங்கிய பிறகு நீரை ஒரு படி குறைத்தால் தண்டு உறுதிப்படும்.

கிணற்று நீர் சற்று உவர்ப்பாக இருக்கிறது. ஏதேனும் வளர்க்க முடியுமா?

ஸ்டாடிஸை முயன்று பாருங்கள். கடலோர நிலங்களைத் தாயகமாகக் கொண்ட அதன் இலைகளில் உப்புச் சுரப்பிகள் உள்ளன. மிகையான உப்பை அவை வழியே வெளியேற்றிவிடும். நாற்றுப் பருவத்தில் மட்டும் நல்ல நீர் கொடுத்து வளர்த்துவிட்டால் பின்னர் ஓரளவு உவர்ப்பைத் தாங்கும்.

எந்த நிலையில் வெட்ட வேண்டும்?

ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனி விதி. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் இல்லை. ஆனால் அவற்றை இரண்டு போக்குகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்: வெட்டிய பிறகும் தொடர்ந்து மலர்பவை, வெட்டிய கணத்தில் இருந்தபடியே நின்றுவிடுபவை.

முதல் வகைக்கு ஸ்ட்ராஃப்ளவர் சரியான எடுத்துக்காட்டு. வெளிப்புறச் செதில்களில் இரண்டு மூன்று அடுக்குகள் மட்டும் விரிந்து, நடுப்பகுதி இன்னும் மூடிய கூம்பாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். மீதி தொங்கும் இடத்தில் தானே விரியும். நடுவட்டின் மஞ்சள் தெரியும் வரை செடியில் விட்டால், உலர்ந்த பிறகு செதில்கள் பின்னோக்கி மடங்கி, நடுவில் பழுப்புப் பஞ்சு எழும்பி, பூ வெடித்ததுபோல் ஆகிவிடும். வெள்ளைச் செதில்களைக் கொண்ட அம்மோபியத்துக்கும் இதே விதிதான். எக்கினாப்ஸ் உருண்டையும் முன்கூட்டியே வெட்டப்பட வேண்டியது: உருண்டை எஃகு நீலமாக நிறம் மாறியிருக்க வேண்டும், ஆனால் அதிலுள்ள சிறு பூக்கள் ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. திறந்தவற்றை உலர்த்தினால், தொட்டவுடன் உதிர்ந்து காம்பு மட்டும் கையில் நிற்கும். லாவெண்டர் கதிரில் அடியிலுள்ள சில பூக்கள் திறந்ததும் வெட்டினால் மணிகள் காம்பில் தங்கும். புல்வகைகளைக் கதிர் உறையிலிருந்து முழுவதும் வெளிவந்தவுடன், மகரந்தம் கொட்டுவதற்கு முன்பே வெட்ட வேண்டும்.

இரண்டாம் வகை இதற்கு நேர்மாறானது. இங்கே அவசரமே பகை. ஸ்டாடிஸ் கொத்தில் ஐந்தில் நான்கு பங்கு புல்லிவட்டங்கள் விரிந்து நிறம் காட்டிய பிறகே வெட்ட வேண்டும், ஏனெனில் மூடியவை பிறகு விரிவதில்லை. அக்கில்லியாவின் தட்டையான பூக்கொத்தில் மகரந்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் கொத்து மெத்தென்று அமிழாமல் விறைப்பாக எதிர்த்து நிற்க வேண்டும். ஒரு நாள் முந்தி வெட்டினாலும் கழுத்து துவண்டு, காகிதத்தைக் கசக்கியதுபோல் சுருங்கும். எரிஞ்சியத்தின் நீலம் பூவில் மட்டுமன்றித் தண்டின் மேற்பகுதி வரை இறங்கியிருக்க வேண்டும். வாடாமல்லி உருண்டை முழுதாகத் திரண்டு, விரலால் அழுத்தும்போது கெட்டியாக இருக்க வேண்டும். ஆனால் மிகவும் முதிர்ந்து நீள்வட்டமாக மாறி அடிச்செதில்கள் வெளுக்கத் தொடங்கும் வரை காத்திருக்கக் கூடாது. கோழிக்கொண்டை முழு அளவுக்கு வளர்ந்ததும், அடிப்பகுதியில் கறுப்பு விதைகள் உதிர்வதற்கு முன் வெட்ட வேண்டும். கொண்டையைத் தட்டினால் உள்ளங்கையில் கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன என்றால் ஓரிரு நாள்கள் தாமதமாகிவிட்டது. உலர்த்தலாம், ஆனால் வைத்த இடமெல்லாம் விதை சிந்தும். நைஜெல்லாக் காய் உப்பி, பச்சைக்கு மேல் செவ்வரிகள் தெரியும்போது வெட்ட வேண்டும். வெளிறிய பின் வெட்டினால் நுனி வெடித்துவிடும்.

ஐயம் ஏற்பட்டால் ஒரு செடியிலிருந்து மூன்று நிலைகளில் ஒவ்வொரு தண்டு வெட்டி, அடையாளமிட்டு உலர்த்திப் பாருங்கள். உங்கள் வெயிலுக்கும் நீங்கள் வாங்கிய ரகத்துக்கும் எது பொருந்தும் என்று அந்த மூன்று தண்டுகளே காட்டிவிடும்.

நாளின் எந்த நேரத்தில் வெட்டுவது?

புதிதாகச் சாடியில் வைப்பதற்கு விடியற்காலை சிறந்தது, தண்டில் நீர் நிறைந்திருக்கும். உலர்த்துவதற்குப் பனி முழுவதும் ஆறிய பிறகு, வெயில் உச்சிக்கு ஏறும் முன். மழை பெய்த மறுநாளும் வெட்டாமல் தள்ளிப்போடுங்கள். பூவின் இடுக்குகளில் தங்கிய நீர் உலர்த்தும் அறைக்குள் பூஞ்சையாக வந்து சேரும்.

இவற்றைப் புதிய பூக்களாகவும் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். ஸ்டாடிஸ் சாடியில் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நிற்கும். ஆனால் அதன் தண்டில் ஓரமாக ஓடும் பச்சை இறக்கைகளையும் இலைகளையும் நீர்மட்டத்துக்குக் கீழ் விட்டுவைத்தால் அழுகி நாற்றமெடுக்கும். அவற்றைச் சீவிவிட வேண்டும். அக்கில்லியாவும் நீரை விரைவில் கலக்கிவிடும் என்பதால் இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றுவது நல்லது.

புதிதாகப் பார்த்து மகிழ்ந்த பிறகு அதே கொத்தை உலர்த்தலாமா என்றும் கேட்பதுண்டு. வாடாமல்லி, ஸ்டாடிஸ் இரண்டையும் ஓரிரு நாள்களுக்குள் எடுத்துவிட்டால் உலர்த்தலாம். மற்றவை அதற்குள் முதிர்ந்து பருவம் கடந்துவிடும்.

தொங்கவிட்டு உலர்த்தும் முறையைச் சொல்லுங்கள்.

இருட்டு, வெப்பம், காற்றோட்டம் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் இருட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சன்னலோரத்தில் தொங்கும் கொத்து பார்க்க அழகாக இருக்கும், உலர்ந்து முடியும்போது பாதி நிறம் போயிருக்கும். இலைகளை உருவிவிட்டு, எட்டு முதல் பன்னிரண்டு தண்டுகளைக் கொண்ட சிறு கொத்துகளாக, பூக்கள் ஒன்றையொன்று அழுத்தாதபடி ஏற்ற இறக்கமாக அடுக்கி, ரப்பர் பேண்டால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். நூலால் கட்டினால், தண்டு உலர்ந்து சுருங்கும்போது கட்டு தளர்ந்து பூக்கள் ஒவ்வொன்றாக நழுவி விழும். ரப்பர் பேண்டு தண்டுடன் சேர்ந்தே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பெரிய கொண்டைகளைத் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள், அவற்றின் மடிப்புகளுக்குள் ஈரம் நெடுநாள் ஒளிந்திருக்கும்.

பெரும்பாலான பூக்களுக்கு இரண்டு முதல் மூன்று வாரங்கள் போதும். கனத்த கோழிக்கொண்டைக்கு நான்கு வாரங்கள்கூட ஆகலாம். தண்டை வளைத்தால் ‘சட்’டென்று ஒடிய வேண்டும். பூ சரசரவென்று இருந்தும் காம்பின் கழுத்து வளைந்து கொடுத்தால் இன்னும் உலரவில்லை.

ஸ்ட்ராஃப்ளவரின் தலை மட்டும் ஒடிந்து தொங்குகிறதே?

அதன் பூவுக்கு நேர் கீழேயுள்ள தண்டு உலர்ந்த பிறகு பூவின் பாரத்தைத் தாங்கும் வலுவற்றது. பழைய வழி கம்பி கோப்பது: வெட்டிய அன்றே, பூ பசுமையாக இருக்கும்போது, மெல்லிய கம்பியைத் தண்டின் அடியிலிருந்து பூவின் அடிப்பகுதிக்குள் செலுத்த வேண்டும். உலரும்போது திசு சுருங்கிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கம்பியின் துரு அந்தப் பிடிப்பை இன்னும் வலுவாக்கும் என்பதால் துருப்பிடிக்காத கம்பியைத் தேடி வாங்க வேண்டியதில்லை. உலர்ந்த பிறகு குத்தினால் பூ பிளந்துவிடும்.

காற்றில் ஈரம் மிகுந்த காலத்தில் என்ன செய்வது?

அறையின் ஈரப்பதம் அறுபது விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை தோன்றும். மின்விசிறியைப் பூக்களை நோக்கித் திருப்பாமல் சுவரை நோக்கித் திருப்பி ஓடவிட்டால் காற்று மென்மையாகச் சுழலும். ஈரம் உறிஞ்சும் கருவி இருந்தால் சிக்கலே இல்லை. இரண்டும் இல்லாதவர்கள் கொத்துகளை ஐந்து தண்டுகளாகக் குறைத்து, இடைவெளியைக் கூட்ட வேண்டும். நேரடி வெயிலில் காயவைக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். விரைவில் உலரும், அதைவிட விரைவில் வெளுக்கும்.

சினியா, காஸ்மாஸ் போன்றவற்றைத் தொங்கவிட்டால் சுருங்கிவிடுகின்றன. வேறு வழி உண்டா?

இவை வறட்சியைத் தாங்கும் செடிகளே. ஆனால் இதழ்களில் நீர் அதிகம். இவற்றுக்குச் சிலிக்கா ஜெல் வேண்டும். மூடியுள்ள கலத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நுண்மணிகளைப் பரப்பி, காம்பை நறுக்கிய பூவை நிமிர்த்தி வைத்து, இதழ்களுக்கிடையே மணிகள் புகும்படி கரண்டியால் மெல்ல மெல்லச் சரித்து முழுவதும் மூட வேண்டும். பூவின் பருமனைப் பொறுத்து மூன்று முதல் ஏழு நாள்கள் ஆகும். எடுத்த பூவை மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். ஈரம் உறிஞ்சிய மணிகளைச் சுமார் 120 டிகிரி வெப்பத்தில் சூட்டடுப்பில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால், செம்மஞ்சள் நிறக் காட்டியுள்ள வகையை வாங்குவதே நல்லது. கொட்டும்போது தூசி மூக்கில் ஏறாமல் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

இப்படி உலர்த்திய பூ காற்றின் ஈரத்தை மீண்டும் உறிஞ்சித் துவளும். ஈரமான பகுதிகளில் கண்ணாடிக்குள் வைத்தால்தான் நிற்கும்.

என்ன பூச்சிகளும் நோய்களும் வரும்?

வறண்ட வெப்பத்தில் முதலில் வருவது சிவப்புச் சிலந்திப்பேன். இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள் தெரிந்தால், அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பூ மலரும் முன்பு விடியற்காலையில் இலையின் அடியில் நீரை வேகமாகப் பீய்ச்சினால் பெருமளவு குறையும். ஸ்டாடிஸிலோ ஸ்ட்ராஃப்ளவரிலோ பூக்கள் பச்சையாகத் திரிந்து, கிளைகள் துடைப்பம் போல் நெருங்கி வளர்ந்தால், அது தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற, பாக்டீரியா வகை நுண்ணுயிரியால் வரும் நோயாக இருக்கக்கூடும். மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி அகற்ற வேண்டியதுதான்.

உலர்ந்த பூக்களை எப்படிச் சேமிப்பது? கொத்திலிருந்து பழுப்புத் தூள் கொட்டுகிறதே?

அட்டைப் பெட்டியில் காகிதம் சுற்றி, வறண்ட இருட்டான இடத்தில் வையுங்கள். உறையிட்டு மூடும் நெகிழிப் பை உள்ளே மிஞ்சிய ஈரத்தைச் சிறைப்படுத்திவிடும். தினைக் கதிரும் கோழிக்கொண்டையும் விதையுள்ளவை என்பதால் எலிகள் தேடி வரும்.

பழுப்புத் தூள் கொட்டினால் பெரும்பாலும் சிகரெட் வண்டு எனப்படும் சிறு செம்பழுப்பு வண்டின் வேலையாக இருக்கும். உலர்ந்த தாவரப் பொருள் எதையும் அது துளைத்து உண்ணும். கொத்தை நெகிழிப் பையில் காற்றுப் புகாதபடி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு மூன்றும் மடியும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியபடியே விட்டால்தான் பூவின் மேல் நீர் வியர்க்காது. இந்தக் காரியத்துக்கு மட்டும் நெகிழிப் பை ஏற்றது.

தொட்டியில் வளர்க்கலாமா?

வாடாமல்லியின் குட்டை ரகங்கள் நன்றாக வரும், ஆனால் வெட்டத் தகுந்த நீளம் கிடைக்காது; உயர ரகத்தையே 25 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் நடுங்கள். தொட்டியில் வேர் ஆழம் போக முடியாததால் வறட்சி தாங்கும் தன்மையில் பாதியை இழந்துவிடும், நீர் அடிக்கடி தேவைப்படும். எரிஞ்சியத்துக்கும் குசும்பாவுக்கும் தொட்டி ஒத்துவராது.

அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கலாமா?

கலப்பின ரகமாக இல்லாவிட்டால் எடுக்கலாம். ஓரிரண்டு நல்ல செடிகளை வெட்டாமல் விட்டு, பூ முழுவதும் முற்றியதும் சேகரியுங்கள். வாடாமல்லியில் உருண்டையை உதிர்த்தால் ஒவ்வொரு பஞ்சுத் துணுக்கின் உள்ளும் ஒரு விதை இருக்கும். கோழிக்கொண்டையின் கொண்டை வகையும் இறகு வகையும் தமக்குள் எளிதில் கலந்துவிடும்; இரண்டையும் அருகருகே வளர்த்து விதை எடுத்தால், அடுத்த ஆண்டு இரண்டிலும் சேராத வடிவங்கள் முளைக்கும். தூய விதை வேண்டுவோர் மொட்டு திறக்கும் முன்பே தேர்ந்தெடுத்த பூவை மெல்லிய துணிப் பையால் மூடிக் கட்டி, விதை கறுத்துத் தானே உதிரத் தொடங்கும்போது பையோடு சேர்த்து வெட்டிக்கொள்ளலாம்.